ரெங்கம்மாவின் மூன்று ரோதை

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று சிலரைச் சொல்வார்கள். ரெங்கம்மாவைத் தெரிந்தவர்கள் அதைச் சும்மா பேச்சுக்காகச் சொல்லமாட்டார்கள். பசறை நகரத்துக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிற தேயிலைத் தோட்டம் ஒன்றின் பணிய லயத்தில், அதாவது கீழ்ப்பக்கத்து வரிசை வீடுகளில், அவளுக்கு வீடு. நாற்பத்தொரு வயது. அவள் ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்திருந்ததைக் கண்டதாகச் சத்தியம் பண்ண அந்த லயத்தில் ஆள் கிடையாது. சோறு தின்பதும் நின்றபடிதான். கோயிலில் கும்பிடும்போதுகூட ஒரு கால் வாசலைப் பார்த்து நிற்கும்.

அவளுடைய இந்த ஓட்டத்தைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் அவளுக்கு உட்கார நேரமும் இல்லை என்பதை யாராவது யோசித்தார்களா என்றால், இல்லை. புருஷன் வீரய்யா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வருவான், இரண்டு நாள் இருப்பான், போய்விடுவான். மலையில் கொழுந்து எடுப்பது, விறகு, தண்ணீர், சமையல் எல்லாம் இவள் ஒருத்திதான். இவற்றோடு ஒரே மகள் சுபாஜினி.

சுபாஜினி ஏழாம் மாதத்தில் பிறந்தவள். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் விறைத்தாற்போல இருக்கும். சுவரைப் பிடித்து நிற்பாள், நாலு எட்டு வைப்பாள், ஐந்தாவது எட்டில் விழுந்துவிடுவாள். கைகள் மட்டும் நல்ல பலம். வாசல் திண்ணையான இஸ்தோப்பின் கைப்பிடிச் சுவரில் கைகளை ஊன்றி உடம்பையே தூக்கி மறுபக்கம் இறக்கிவிடுவாள். மனக்கணக்கிலும் கெட்டி. கடைச் சிட்டையைத் தலைகீழாகப் பிடித்தால்கூட கூட்டிச் சொல்கிற பிள்ளை.

அந்தப் பிள்ளையை ஐந்து வருடமாக ரெங்கம்மா முதுகில் சுமந்துதான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். பழைய சேலை ஒன்றை நாலாக மடிப்பாள். கொழுந்துச் சாக்கின் கயிற்றை எப்படித் தலையில் மாட்டுவாளோ அப்படியே சேலையை உச்சந்தலைக்குக் குறுக்காக மாட்டி, மகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டுவாள். காலையில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுவாள். அந்தியில் மலையிலிருந்து இறங்கியதும் கொழுந்துச் சாக்கை இறக்கிவிட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொள்வாள். காலை முதல் அந்தி வரை அவள் முதுகு சும்மா இருந்ததே இல்லை.

"பாரமா இல்லியாடி?" என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வந்துவிடும்.

"என்ன பாரம்? பஞ்சு மூட்ட. இருவது கிலோகூட தேறமாட்டா."

மூன்று வருடமாக அதே இருபது கிலோதான்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் பக்கத்தில்தான், சமதரை. ஆனால் அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான் உண்டு. ஜனவரியில் ஆறாம் வகுப்புக்குப் பசறைக்குப் போக வேண்டும். பணிய லயத்திலிருந்து தோட்டத்து ரோட்டிலேயே ஒன்றரைக் கட்டை மேலே ஏறினால் பள்ளிக்கூடத்தின் பின்கேட். மைலைத்தான் அங்கே கட்டை என்பார்கள். அந்த ரோட்டில் தோட்டத்து லொறியும் டிராக்டரும் தவிர வேறு வாகனம் வராது. தினம் இரண்டு வேளை த்ரீவீலருக்குக் கொடுக்க அவர்களால் முடியாது. ரெங்கம்மாவின் வலது முழங்காலோ கொஞ்ச நாளாக ஒவ்வொரு படிக்கும் 'கடக்' என்று ஒரு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளை பள்ளிக்கூடம் போவாளா, ஐந்தோடு நின்றுவிடுவாளா என்பது அந்த முழங்காலின் கையில் இருந்தது. இதை ரெங்கம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயம்.

அந்த நேரத்தில்தான் வீரய்யா போனில் ஒரு வீடியோ அனுப்பினான். எந்த ஊரோ தெரியாது. ஒரு பெண்பிள்ளை மூன்று சக்கர சைக்கிளில் போகிறாள். பின்னால் பெரிய கூடை. கூடைக்குள் குழந்தை. மேட்டில் ஏறும்போது அவள் மிதிக்கவில்லை, முன் சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் இழுத்துக்கொண்டு போகிறது.

அன்றிலிருந்து ரெங்கம்மா குட்டி போட்ட பூனை ஆனாள். அந்த வீடியோவை எத்தனை தரம் பார்த்தாள் என்பதற்கு அளவில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போது பேச்சு அதுதான், பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதும் அதுதான். இரண்டே நாளில் லயம் முழுக்க ரெங்கம்மா 'மூணு வீல்' வாங்கப் போகிறாள் என்று கதை பரவிவிட்டது. மூன்று வீல் என்றால் நம் ஊரில் ஓட்டோதானே. ரெங்கம்மா ஓட்டோ வாங்குகிறாளாம், வீரய்யா கொழும்பில் எதையோ அள்ளிவிட்டானாம் என்று மேட்டு லயம் வரை வாயைப் பிளந்தார்கள். "சைக்கிளுங்க, சைக்கிள்" என்று அவள் விளக்கிச் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கட்டிவந்த சீட்டு ஒன்று விழுந்ததும் ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினாள். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஜௌபர் நானாவின் சைக்கிள் கடை. ஐம்பத்தைந்து வயது மனிதர், அவசரமே தெரியாதவர். ஒரு நட்டைக் கழற்றினால் அதைத் துடைத்துப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அப்புறம்தான் கீழே வைப்பார். இப்படிப்பட்டவர் முன்னால் ரெங்கம்மாவை நிறுத்தினால் எப்படி இருக்கும்? அவளுக்கு உள்ளங்கால் அரித்தது.

"இரிங்க தங்கச்சி. டீ ஒண்டு குடிங்க."

"டீயெல்லாம் வேணாங்க நானா. மோட்டர் போட்ட மூணு ரோதை சைக்கிள் இருக்கா, அத காட்டுங்க."

ரோதை என்றால் தோட்டத்துப் பேச்சில் சக்கரம். நானா அதையே சில்லு என்பார். சுபாஜினி படித்த பிள்ளையாயிற்றே, அவளுக்கு அது வீல். மூன்று பேரும் மூன்று சொல்லில் பேசி ஒருவரை ஒருவர் விளங்கிக்கொண்டார்கள்.

கடைக்குள் மூன்று விதமான வண்டி இருந்தது. ஒன்று பிள்ளைகளுக்கானது, சிவப்பு நிறம், சின்னச் சில்லுகள். இன்னொன்று பெரிய ஆட்களுக்கானது, உயரம், ஏறுவதற்கே ஒரு ஏணி வேண்டும்போல. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். தாழ்ந்த சட்டம், காலைத் தூக்காமலே ஏறலாம். பின்னால் அகலமான கூடை, அதில் பலகை போட்டால் ஒரு பிள்ளை உட்காரலாம்.

சுபாஜினி யாரையும் கேட்கவில்லை. உட்காருகிற வாங்கைப் பிடித்து, மேசையைப் பிடித்து, சிவப்பு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கைகளால் சுவரைத் தள்ளித் தள்ளி டயர் அடுக்குகளுக்கு நடுவே ஒரு சுற்று வந்தாள். பிறகு இன்னொரு சுற்று. பத்து வயதில் முதல் தடவையாக, யாருடைய முதுகும் இல்லாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறாள். அந்த முகத்தைப் பார்த்து ஜௌபர் நானா கையிலிருந்த நட்டை மறந்துபோனார்.

"அம்மா, இது எனக்கு அளவா இருக்கு."

"அதுல ஒரு வருசத்துல முட்டி இடிக்கும்டி. வளர்ற புள்ள."

"அதோட அது வீட்டு முத்தத்துல ஓட்டத்தான் மகள்," என்றார் நானா. "இதுட சில்லு சின்னன். மோட்டர் சில்லு இதுக்கு வராது. ஏத்தத்துல ஏறவும் ஏறாது, எறக்கத்துல பிரேக்கும் காணாது."

சுபாஜினி இறங்கினாள். அந்தப் பிள்ளை அடம் பிடிக்காது. சுமந்து செல்லப்படுகிற பிள்ளைகளுக்கு அடம் பிடிக்கிற வழக்கம் சீக்கிரமே விட்டுப்போகும்.

நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மோட்டர் ரெண்டு வகை ஈக்கி தங்கச்சி. முன் சில்ல கழட்டிட்டு, நடுவுல மோட்டர் வெச்ச சில்ல பூட்டுறது ஒண்டு. லேசு, பழுது கொறவு. மத்தது பெடல் கட்டையில பூட்டுறது. அது நல்லா ஏறும், ஆனா செயின அறுத்துப் போட்டுடும். நீங்க முன் சில்லே எடுங்க. அதுலயும் சின்ன மோட்டர், பெரிய மோட்டர் ஈக்கி. பெரிசு எடுத்தா பட்டரியும் பெரிசு, பட்டரிட பாரத்தையும் சேத்து இழுக்கணும். அதால நான் கேக்குற மூணு கேள்விக்கு சரியா பதில் செல்லுங்க. ஆரு ஓட்டுற? மொத்தம் எவ்வளவு பாரம்? எவ்வளவு ஏத்தம்?"

"நாந்தான் ஓட்டுவேன். இவ பின்னால குந்திக்குவா."

"ஸீட்ட எறக்கினா புள்ளயும் முன்னால குந்தலாம். காலு பெடலுக்கு எட்டாட்டியும் காரியமில்ல, கைப்பிடிய முறுக்கினா போவும்."

"அவ எதுக்குங்க ஓட்டுறா? நாந்தான் இருக்கேனே."

"சரி. ஏத்தம்?"

ரெங்கம்மா சிரித்துவிட்டாள். "அது ஏத்தமே இல்லங்க நானா. ரோட்டுதானே."

அவள் பொய் சொல்லவில்லை. இருபத்து மூன்று வருடமாகத் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற சரிவில் கொழுந்து எடுக்கிறவள் அவள். செடியைப் பிடிக்காமல் நடக்கக்கூடிய எந்த இடமும் அவள் கணக்கில் சமதரைதான். பதுளைக் கடைக்காரருக்கு இது எப்படித் தெரியும்? 'ஏத்தம் இல்ல' என்று அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

"பாரம்?"

"ரெண்டு பேருமே நோஞ்சானுங்க."

"அப்படி செல்லக்கூடாது. நிறுத்துப் பாத்து செல்லுங்க. மனுசன ஏமாத்தலாம், மோட்டர ஏமாத்த ஏலாது."

மறுநாள் அந்தி, மடுவத்தில் கொழுந்து நிறுவை. மழை தூறிக்கொண்டிருந்தது. இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தராசில் எவ்வளவு காட்டினாலும் கணக்கப்பிள்ளை அதை அப்படியே சொல்வதில்லை. சாக்குக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணிக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் சொல்வார். மழை நாளில் கழிவு கூடும். அந்தக் கழிவுக்காக ஒவ்வோர் அந்தியும் மடுவத்தில் சத்தம் எழும், அந்தச் சத்தத்தில் முதல் குரல் ரெங்கம்மாவுடையது. "மழைய நாங்களா பெய்யச் சொன்னோம்?" என்று அவள் ஆரம்பித்தால் பெரிய கங்காணிகூட அந்தப் பக்கம் வரமாட்டார்.

தினேஸ் கணக்கப்பிள்ளைக்கு முப்பது வயது. நல்ல பையன்தான். நாற்பது பெண்களின் கொழுந்தை நிறுத்து முடித்துக் களைத்திருந்தான். ரெங்கம்மா காலிச் சாக்கை விரித்து, அதற்குள் சுபாஜினியை உட்காரவைத்து, நாலு மூலையையும் சேர்த்துக் கட்டினாள்.

"ஐயா, கோவிச்சுக்காம இதையும் கொஞ்சம் நிறுத்துருங்க."

"என்னக்கா இது, கொழுந்தா முத்தலா?" என்றான் தினேஸ். பெண்கள் சிரித்தார்கள். சாக்கைக் கொக்கியில் மாட்டினார்கள். சுபாஜினி அந்தரத்தில் மெல்லச் சுற்றினாள், தலை மட்டும் வெளியே. தினேஸ் தராசைப் பார்த்தான், நாற்பது பேருக்குச் சொன்ன அதே ராகத்தில் வாய் தானாகச் சொன்னது:

"இருவத்தேழு."

சாக்குக்கு இரண்டு, தண்ணிக்கு இரண்டு. பிள்ளையையும் கழித்துவிட்டான். வேண்டுமென்று இல்லை, பழக்க தோஷம். தராசில் சிவப்பு எழுத்தில் முப்பத்தொன்று நின்றது. ரெங்கம்மா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தினமும் கழிவுக்காகக் கிழித்துத் தொங்கப்போடுகிறவள், அன்றைக்கு இருபத்தேழு என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மலர்ந்து சாக்கை இறக்கினாள். ஆசைப்பட்ட கணக்கை யார்தான் சரிபார்க்கிறார்கள்?

தன் நிறையை அவள் நிறுக்கவும் இல்லை. பழைய கிளினிக் அட்டை ஒன்றில் நாற்பத்தெட்டு என்று இருந்தது. அது எந்த வருடத்து அட்டை என்று பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. 'புள்ள இருவத்தேழு, நான் நாப்பத்தெட்டு' என்று ஜௌபர் நானாவுக்குப் போனில் பேசி அனுப்பிவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வருகிற வழியில் முதுகிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அம்மா, நான் பாரமா?"

"இருவத்தேழு கிலோ ஒரு பாரமா? நான் எடுக்குற கொழுந்தே அத விட கூட."

 சுபாஜினி அம்மாவின் தோளில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். முழங்கால் 'கடக்' என்றது. அது இருவருக்கும் கேட்டது.

டிசம்பர் நடுவில் வண்டி வந்தது. நடு அளவு வண்டி, முன் சில்லில் சின்ன மோட்டார். ஜௌபர் நானா தானே சின்ன லொறியில், பள்ளத்தின் கீழ்ப் பக்க ரோட்டு வழியாகக் கொண்டுவந்து இறக்கினார். எப்படி முறுக்குவது, எப்படி பிரேக்கைப் பிடித்து அதன் மேல் பூட்டைப் போடுவது, பட்டரியை எப்படிக் கழற்றி சார்ஜ் ஏற்றுவது என்று ஒன்றுக்கு மூன்று தடவை காட்டினார். ரெங்கம்மா 'ஆமாங்க, ஆமாங்க' என்று தலையாட்டினாள். எல்லாம் கேட்டு மனதில் வாங்கிக்கொண்டவள் சுபாஜினிதான்.

லயம் சும்மா விடுமா? ரோதை வைத்த சாமான் தோட்டத்துக்குள் வந்தால் ரோதைமுனிக்குக் காட்டாமல் ஓட்டக்கூடாது. தேயிலை ஸ்டோரில் மிஷின்களுக்குக் காவல் இருக்கிற சாமி அது. ஸ்டோர் வாசலுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள். தேங்காய் உடைத்து, விபூதி பூசி, மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"இத்தன வருசமா கால்ல கட்டியிருந்த ரோதைய இன்னிக்குத்தான் கழட்டி வெளிய வச்சிருக்கா," என்றாள் பக்கத்துக் காம்பரா வீட்டு பாக்கியலெட்சுமி. ரெங்கம்மாவும் சிரித்தாள். மூன்று பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. நல்ல சகுனம் என்றார்கள்.

அடுத்த நாள் போயா, பௌர்ணமி லீவு. காலை எட்டு மணிக்கெல்லாம் வண்டியை எடுத்துவிட்டாள். பள்ளிக்கூடம் வரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், ஜனவரிக்கு இன்னும் இரண்டு வாரம் கூட இல்லை. சுபாஜினி பின்கூடையில் பலகை மேல். மடியில் புது ஆறாம் வகுப்புப் புத்தகப் பை, பாரம் பார்க்கிறதற்காக. லயத்துப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

முறுக்கியதும் வண்டி பூனைபோலச் சத்தமில்லாமல் நகர்ந்தது. பீலியடி போனது, மடுவம் போனது, தேயிலை நாற்று வளர்க்கிற தவறணை போனது. ரெங்கம்மாவுக்கு உட்கார்ந்தபடியே போவது புதிதாக இருந்தது. கால்களை என்ன செய்வது என்று தெரியாமல் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். காற்று முகத்தில் அடித்தது. 'பஞ்சு மூட்ட, பஞ்சு மூட்ட' என்று உள்ளுக்குள் பாடினாள்.

மாடசாமி கோயில் முடக்கில் ரோடு சட்டென்று வளைந்து மேலே எழும்பும். அங்கே மோட்டார் முனக ஆரம்பித்தது. இன்னும் முறுக்கினாள். முனகல் அடங்கிற்று. முன் சக்கரம் ஒரு கூழாங்கல்லின் மேல் நின்று யோசித்தது. அப்புறம் வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

"பிரேக் அம்மா, பிரேக்!"

பிடித்தாள். பின் சக்கரம் மழைத்தண்ணி ஓடுகிற கானின் ஓரத்துக் கல்லில் மோதி நின்றது. கானுக்கு அந்தப் பக்கம் ஆழமான சரிவு.  பிரேக்கின் மேல் பூட்டைப் போடக்கூட ரெங்கம்மாவுக்கு ஓடவில்லை, பின்னாலிருந்து எட்டிப் பூட்டியது மகளின் கை.

விடுவாளா? வண்டியைக் கீழே தள்ளிக்கொண்டு போய் வேகமாக வந்து பார்த்தாள். அதே இடம். பட்டரி ஆறட்டும் என்று கால் மணி நேரம் அங்கும் இங்கும் நடந்துவிட்டு மறுபடி வந்தாள். அதே இடம். மூன்றாம் முறை தன் பலம் எல்லாம் கூட்டி மிதித்தாள். முழங்கால்தான் 'கடக்' என்றது, வண்டி நகரவில்லை. ரோட்டோரத்தில் நின்று மோட்டாரையும் அதைச் செய்தவனையும் அவன் பரம்பரையையும் ஒரு மூச்சுத் திட்டினாள். பிறகு ஜௌபர் நானாவுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க நானா சாமான் குடுத்திருக்கீங்க? இந்தச் சின்ன முடக்குல ஏறமாட்டேங்குது."

"முடக்கா? ஏத்தமே இல்லண்டுதானே செல்லினீங்க?"

"இது ஏத்தமா?"

 "தங்கச்சி, நீங்க செல்லின பாரத்துக்கும் செல்லின ரோட்டுக்கும்தான் நான் மோட்டர் தந்த. பெரிசு பூட்டலாம், ஆனா அது கொழும்புக்கு வரவே பெப்ரவரி ஆவும். அதுவரைக்கும் பாரத்த கொறச்சுப் பாருங்க."

போனை மடியில் செருகிக்கொண்டு ரெங்கம்மா ரோட்டின் குறுக்கே நடந்தாள், திரும்பினாள், மறுபடி நடந்தாள். பெப்ரவரி என்றால் பள்ளிக்கூடம் தொடங்கி ஒரு மாதம். அந்த ஒரு மாதமும் இந்த முழங்காலோடு, இந்த முடக்கில், முதுகில். தன்னால் முடியாது என்று அவளுக்கு அன்றைக்கு முதல் முறையாகத் தெரிந்தது. 

"என்னத்த கொறைக்கிறது? பைய வேணா எறக்கி வைப்போம். இருவத்தேழும் நாப்பத்தெட்டும் இதுக்கு ஒரு பாரமா?"

"முப்பத்தொண்ணும்மா," என்றாள் சுபாஜினி.

"என்னது?"

"நான் முப்பத்தொண்ணு. தராசுல பாத்தேன். கணக்கப்பிள்ள ஐயா என்னையும் கழிச்சுட்டாரு."

ரெங்கம்மா நின்றாள். "அன்னிக்கே ஏன்டி சொல்லல?"

பிள்ளை பைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பாரம்னு தெரிஞ்சா தூக்கமாட்டீங்கன்னு நெனச்சேன். வீட்டுலயே விட்டுட்டுப் போயிருவீங்கன்னு."

 ஐந்து வருடமாகத் தான் மட்டும்தான் சுமக்கிறோம் என்று ரெங்கம்மா நினைத்திருந்தாள். முதுகிலிருந்த பிள்ளையும் ஒன்றைச் சுமந்துகொண்டேதான் வந்திருக்கிறது. ஒவ்வொரு நாளும் மூச்சை அடக்கி, கொஞ்சம் குறைவாகப் பாரமாக இருக்கப் பார்த்திருக்கிறது. இருபது கிலோ, இருபது கிலோ என்று ஊருக்கெல்லாம் சொன்னது அதன் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று இப்போதுதான் உறைத்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லாதவள்போல முந்தானையால் முகத்தை இழுத்துத் துடைத்துக்கொண்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறு. வீட்டுக்குப் போவோம். எத்தன கிலோவா இருந்தா எனக்கென்ன? நான் தூக்குறேன்."

முதுகில் பாரம் ஏறவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

சுபாஜினி கூடையின் விளிம்பில் ஒரு கையையும் ஸீட்டில் மறு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்கினாள். ஓட்டுகிற இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கால்கள் பெடலுக்கு எட்டாமல் சட்டத்தின் மேல் நின்றன.

"எறங்குடி கீழ."

"வண்டி இருவத்தெட்டுன்னு அந்த நானா சொன்னாரு. நான் முப்பத்தொண்ணு. நீங்க நாப்பத்தெட்டு இல்லம்மா, அந்த அட்ட நான் பொறந்த வருசத்துது. அம்பத்தஞ்சாவது இருப்பீங்க." அவள் குரலில் பயம் இருந்தது, ஆனால் கணக்கு தெளிவாக வந்தது. "உங்கள கழிச்சா பாதிதான். உங்கள கழிச்சா ஏறும்மா."

  பிள்ளையின் பாரம், ரோட்டின் ஏற்றம் எல்லாவற்றையும் ரெங்கம்மா கழித்துப் பார்த்துவிட்டாள். இந்த ஒன்றைக் கழிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"நான் பின்னால புடிச்சுக்குவேன்," என்றாள் கடைசியில்.

சுபாஜினி பூட்டை எடுத்தாள், முறுக்கினாள். மோட்டார் முனகியது. வண்டி ஓர் அடி ஏறிற்று, இன்னோர் அடி ஏறிற்று, அங்கேயே தயங்கியது.

"அம்மா, விடுங்க."

"தள்ளுறேன்டி."

"தள்ளலம்மா. இழுக்குறீங்க."

ரெங்கம்மா தன் கைகளைப் பார்த்தாள். உண்மைதான். பத்து விரலும் கூடையின் கம்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் எடுக்க முடிந்தது.

வண்டி ஏறியது. வேகமில்லை, ஒரு கர்ப்பிணி நடக்கிற நடை. ஆனால் நிற்காமல் ஏறியது. அந்தக் கூழாங்கல்லைத் தாண்டிற்று, கோயிலைத் தாண்டிற்று, முடக்கில் திரும்பி மேலே சமதரைக்குப் போய் நின்றது. சுபாஜினி பிரேக்கைப் பிடித்துப் பூட்டைப் போட்டாள். பிறகு ஸீட்டில் இருந்தபடியே திரும்பிக் கீழே பார்த்தாள். அவள் அம்மாவை அவ்வளவு தூரத்தில், அவ்வளவு உயரத்திலிருந்து அதற்கு முன் பார்த்ததில்லை.

"வாங்கம்மா. அவசரப்படாதீங்க, முட்டி பத்திரம். நான் நிக்கிறேன்."

ரெங்கம்மா அவசரப்படத்தான் பார்த்தாள். நாலு எட்டு வேகமாக வைத்தாள். மூச்சு வாங்கியது. முதுகில் சாக்கு இல்லை, பிள்ளை இல்லை, கையில் விறகுகூட இல்லை. இப்படி வெறும் ஆளாக அந்த ரோட்டில் அவள் ஏறியதே கிடையாது. பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்று மேலே பார்த்தாள். முடக்கு செங்குத்தாக நின்றது. அதன் உச்சியில் மகள் இன்னும் திரும்பிப் பார்த்தபடியே இருந்தாள்.

"இது ஏத்தந்தான் நானா," என்று யாருமில்லாத ரோட்டில் சத்தமாகச் சொல்லிவிட்டு, மெதுவாக ஏறினாள்.